துறைத்தலைவி வேண்டாமென்ற காணிக்கை

வற்றாது ஓடுக பொழியாறு. வளையாது நிற்க தண்கரைக் கோமானின் செங்கோல். மழை பருவம் தப்பாது பெய்ய, மாடும் மனையும் மக்களும் குறைவின்றி வாழ்க.

ஏழு துறைக்கும் நான்கு கோட்டைக்கும் உரியவரான தண்கரை வேந்தர் பொழில்வேலரின் திருவாணைப்படி, பேரமைச்சர் குளவாய் அரையர் மாடவேலித் தலைநகரிலிருந்து விடுக்கும் ஓலை. தோணித்துறை, யானைக்கொட்டில், குதிரைப்பந்தி, கோட்டைக்காவல், மருத்துவச்சாலை ஆகிய எப்பணியிடத்திலும் தலைமை பூண்டிருப்போர் யாவரும் இதனை ஏற்று, தனியே படித்து மடித்து வைத்துக்கொள்ளாமல், தம் கீழ்ப் பணிசெய்வோர் ஒருவர் விடாமல் கூடியிருக்க உரக்கப் படிப்பிப்பாராக. அவர்கள் இல்லங்களில் நலமே சூழ்க.

விழாக்காலத்தில் பணியாளர் தம் தலைவர்க்குக் காணிக்கை கொடுத்தல் தகுமா, தகுமெனில் எதை, எவ்வளவு, எவ்வாறு கொடுத்தல் முறை என்று ஆண்டுதோறும் அரண்மனைக்குக் கேள்வி வந்தவண்ணம் உள்ளது. அதற்கு விடை சொல்லுமுன் ஏழுதுறையில் நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கிறது. சாட்சி சொன்னோரின் வாய்மொழியைத் திருத்தாமல் எழுதுமாறு பேரமைச்சர் பணித்தமையால், ஓலைக்குரிய நடை சில இடங்களில் தவறியிருக்கும், கேட்போர் பொறுத்தருள்க.

ஏழு துறைகளும் அடங்கிய ஏழுதுறையின் தலைவியாக இருப்பவர் பூதி எயினி. பத்தொன்பது ஆண்டுகள் அரசத் தோணிகளுக்குச் சுக்கான் பிடித்தவர். பொழியாற்றின் மணல்திட்டு எந்த மாதம் எங்கே நகரும் என்பதைக் கரையிலிருந்தே சொல்லக்கூடியவர். ஆற்றை அறிந்த அளவுக்கு மனிதரை அறியேன் என்று அவரே விசாரணையில் சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கு முன் துறைத்தலைமை அவருக்கு அளிக்கப்பட்டபோது, அறுபத்துநான்கு துடுப்புக்காரரும் அவர் பொறுப்பில் வந்தனர்.

அவ்வாண்டு ஆடியில் புதுப்புனல் விழாவன்று விடியலில் எயினி கதவைத் திறந்தார். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. வாழைத்தார், பூசணி, பலா, கருவாட்டுக் கட்டு, தூணில் கட்டிய இரண்டு சேவல் என வாசல்வரை குவிந்து கிடந்தன. யாரோ இடம் தவறி இறக்கிவிட்டார்கள் என்றே முதலில் எண்ணினார். எல்லாம் தமக்குத்தான் என்று தெரிந்ததும் அவருக்கு நாணமாகப் போயிற்று. ஓலைக் குடிசைகளிலிருந்து வந்த பலாவைத் தாம் எப்படித் தின்பது? உச்சிப்பொழுதுக்குள் ஒவ்வொன்றையும் உரியவர் வீட்டுக்கு, உங்கள் அன்பே போதும் என்ற சொல்லோடு திருப்பி அனுப்பிவிட்டார். நல்லதொன்று செய்தோம் என்ற நிறைவோடு மாலையில் துறைக்குப் போனார்.

துறையில் யாரும் பாடவில்லை. மறுநாள் காலை இரண்டு துடுப்புக்காரர் அவர்முன் வந்து, தங்களை முள்ளித்துறைக்கு அனுப்பிவிடுமாறு கேட்டனர். முள்ளித்துறை என்பது ஏழு துறைகளில் கடைசி. நிழல் இல்லை, சுழல் உண்டு; வீட்டுக்கு வர இரண்டு நாள் நடக்கவேண்டும். அங்கே போகிறேன் என்று எவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஏன் என்று எயினி வினவினார். அவர்களுள் மூத்தவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “எப்படியும் அனுப்பத்தான் போறீங்க, தாயே. நாங்களா கேட்டுப் போனா ஒரு வருசத்துல திருப்பிக் கூப்பிட மாட்டீங்களான்னுதான்.”

எயினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. துறையில் முப்பது ஆண்டுகளாகத் துணைத்தலைவராக இருக்கும் நக்கன் கோவனை அழைத்துக் கேட்டார். கோவன் நல்லவர், எவரையும் ஏமாற்றாதவர். அவர் விளக்கியது இது. முன்னிருந்த தலைவரும் விழாவுக்கு விழா, எனக்கு எதற்கப்பா இதெல்லாம், வேண்டாம் என்றே சொல்வார். அச்சொல்லை நம்பிச் சும்மா இருந்தவர்களின் பெயர் அடுத்த மாதம் முள்ளித்துறைக்குப் போகும். கொடுத்தது சிறிதென்றால் திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பப் பெற்றவருக்கும் முள்ளித்துறைதான்.

“அவர் வாயால ஒரு தடவைகூட கொடுன்னு கேட்டதில்ல, அம்மணி. நாங்க கேட்டதெல்லாம் வேண்டாம்தான்” என்றார் கோவன். “அதுக்குப் பொருள் என்னன்னு புதுசா வர்ற பையன்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். சொல்லாம விட்டா அவனுக்குத்தானே கேடு.”

“நான் அவரில்லையே, கோவனாரே.”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் கோவன். அவர் அதை வம்புக்குச் சொல்லவில்லை.

எயினி அறுபத்துநால்வரையும் கூட்டி, தம் சொல்லுக்கு உட்பொருள் ஏதுமில்லை என்று அறிவித்தார். அனைவரும் கேட்டுத் தலையசைத்தனர். இரண்டாம் ஆண்டு முற்றத்தில் வந்து நின்றது கன்றோடு ஒரு பசு. அறுபத்துநான்கு வீட்டாரும் சேர்ந்து வாங்கியது. திருப்பினால் அஞ்சுவார்கள் என்று இம்முறை அதை ஏற்று, அன்றே வழிப்போக்கர் சத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். தலைவி வீட்டில் கட்டும் தரமில்லாத மாடு என்று ஊரில் பேச்சாயிற்று. அறுவடை விழா நெருங்கியபோது, வேறு வழி தோன்றாமல், மனம் கேட்கவில்லையென்றால் ஆளுக்கொரு பூ கொண்டுவாருங்கள், அதற்குமேல் ஒன்றும் கூடாது என்றார்.

பூ என்றால் எந்தப் பூ என்று கேட்டுக் கோவன் வந்தார். எதுவோ ஒன்று என்று எயினி எரிச்சலோடு சொன்னார். அந்த எதுவோ ஒன்று எது என்று துறையில் மூன்று நாள் விவாதம் நடந்தது. முடிவில் பதினொருவர் மலையேறி, எட்டாத பாறையிடுக்கில் பூக்கும் வெண்காந்தளைத் தேடிப் போயினர். அந்நாட்களில் துடுப்புப் போட ஆளின்றி ஆறு தோணிகள் கரையில் கிடந்தன. மிளகுப் பொதியோடு வந்த வணிகர் இருநூறு பேர் வெயிலில் காத்திருந்து, துறைத்தலைவியை வாய்க்கு வந்தபடி ஏசினர். ஏச்சை நின்று கேட்டவர் எயினி. மறுநாள் அவர் கைக்கு வந்தது வாடிப்போன பதினொரு காந்தள்.

அன்று அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததாகச் சொன்னார். துயரத்தால் அழவில்லை, ஆத்திரம் தாளாமல் அழுதாராம். திட்டலாம் என்றால் எவரைத் திட்டுவது? அன்பைத் திட்டமுடியாது, அச்சத்தையும் திட்டமுடியாது. எது அன்பு, எது அச்சம் என்பதும் அவருக்குப் புலப்படவில்லை.

இனிச் சொல்வது இவ்வாண்டு நடந்தது.

துடுப்புக்காரருள் காரி என்பவன் கைதேர்ந்தவன்; அதிகம் பேசாதவன். சென்ற ஆண்டு ஆவணியில் அவன் மகளுக்குப் பெயர் வைத்தபோது எயினி அவன் வீட்டில் உண்டார். காரியின் மனைவி வெண்ணி, ஆற்றில் ஏறிவரும் உல்லமீனைக் குழம்பு வைத்திருந்தாள். இப்படியொரு மீனை நான் தின்றதே இல்லை என்று எயினி வந்திருந்தோர் எதிரில் சொல்லிவிட்டு, அடுத்த நாளே அதனை மறந்தும் போனார்.

இவ்வாண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அவர் இரண்டு கட்டளை இட்டார். காணிக்கை என்று எவரும் ஒரு வெற்றிலையும் கொண்டுவரக்கூடாது என்பது ஒன்று. புதுவெள்ளம் வந்து மூன்று நாள்வரை எவரும் சொந்தத் தோணியை ஆற்றில் இறக்கக்கூடாது என்பது மற்றொன்று. முதல் வெள்ளத்தில் மலையிலிருந்து மரங்கள் உருண்டு வரும். அவற்றுக்குத் தோணியும் தெரியாது, ஆளும் தெரியாது.

விழாவன்று காலை முற்றம் வெறுமையாக இருந்தது. எயினி அதைக் கண்டு நெடுநேரம் நின்றாராம். கடைசியில் என் சொல்லைக் கேட்டுவிட்டார்கள் என்று எண்ணி, உள்ளே போய்க் கஞ்சி குடிக்க அமர்ந்தார். இரண்டு வாய் குடித்திருப்பார். கோவன் வந்து நின்றார். கையில் வாழையிலை, அதில் ஒரே ஒரு உல்லமீன்.

“காரி அனுப்பினான், அம்மணி.”

எயினி எழுந்தார். முதுமையையும் பதவியையும் பாராமல் கோவனிடம் உரத்துப் பேசினார். எத்தனை முறை சொல்வது, எந்த மொழியில் சொல்வது, உங்கள் அறுபத்துநான்கு பேருக்கும் காது இல்லையா, அல்லது எனக்குத்தான் வாய் இல்லையா என்று கேட்டார். அந்த மீனைத் தெருவில் எறியச் சொன்னார். கோவன் இலையைத் தாங்கியபடி அசையாமல் நின்று, அவர் பேசி முடித்தபின் சொன்னார்:

“எறிஞ்சிடறேன். காரிக்கு வலது கை ஒடைஞ்சு போச்சு. அதையும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் நிக்கிறேன்.”

அன்று விடியுமுன் வெள்ளம் வந்த முதல் நாழிகையிலேயே காரி வலையோடு ஆற்றில் இறங்கியிருக்கிறான். புரண்டு வந்த மருதமரம் அவன் தோணியைப் பிளந்தது. பிளந்த பலகைக்கும் மரத்துக்கும் நடுவே அவன் கை சிக்கியது. விழாவுக்கு ஊர் வந்து கீழ்க்கரையில் நின்ற முள்ளித்துறைக்காரர் கயிறு வீசி இழுத்துப் போட்டிராவிட்டால் அவன் கடலுக்குப் போயிருப்பான். மயக்கம் தெளிந்ததும், இடுப்புத்துணியில் முடிந்திருந்த மீனைத் தடவிப் பார்த்து, தலைவியிடம் சேர்க்கச் சொன்னானாம்.

எயினி காரியின் வீட்டுக்கு ஓடினார். எலும்பு கட்டுபவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காரி பல்லைக் கடித்துக் கிடந்தான். எயினி அவன் அருகே அமர்ந்து, “நான்தான் வேண்டாம்னு சொன்னேனே, காரி. எத்தனை தரம் சொன்னேன்?” என்று கேட்டார்.

“சொன்னீங்க, தாயே” என்றான் அவன். “நீங்க சொல்லச் சொல்ல, நாங்க கொடுத்தது எதுவும் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சோம். மீனு பிடிக்கும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அதான்.”

அடுப்படியிலிருந்து வெண்ணி வெளியே வந்தாள். கைக்குழந்தை தோளில் இருந்தது. அவள் குரலை உயர்த்தாமல் பேசியதை எயினி ஒரு சொல்லும் மாற்றாமல் விசாரணையில் ஒப்புவித்தார்.

“வேண்டாம்னு சொல்றவங்க அன்னைக்கு அத்தனை பேர் முன்னால அந்த மீனைப் புகழ்ந்திருக்க வேண்டாம், தாயே. உங்க வாயில வர்றது எங்களுக்குப் பேச்சு இல்ல, கட்டளை. நல்லாயிருக்குன்னு சொன்னாலும் கட்டளைதான்.” பிறகு, “உங்க மேல கோவம் இல்ல. இவரு பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்றாள்.

துறையின் பழைய விதி யாவரும் அறிந்ததே. முப்பது நாள் துடுப்புப் பிடிக்கமுடியாதவன் பெயர் துறை ஏட்டிலிருந்து நீக்கப்படும். அவ்விதியை மாற்றத் துறைத்தலைவிக்கு உரிமையில்லை, அரண்மனைக்கே உண்டு. எயினி அன்று மாலையே மனு எழுதினார். காரியின் பெயர் நிலைக்கவேண்டும் என்றும், மேலோர்க்குக் கீழோர் எதையும் கொடுத்தல் ஆகாது என்று வேந்தரே ஆணையிடவேண்டும் என்றும், தம் வாயால் சொல்லிப் பயனில்லை என்றும் எழுதி, தூதன் வழியே பேரமைச்சருக்கு அனுப்பினார்.

மனுவோடு இரண்டு சாடி மலைத்தேனும் வந்து சேர்ந்தது.

பேரமைச்சர் மனுவைப் படித்தார்; தேன்சாடியைப் பார்த்தார்; எயினியைத் தலைநகருக்கு அழைப்பித்தார். நான்கு நாள் பயணத்தின் அழுக்கு உடையில் இருக்க, அவர் மன்றத்தில் வந்து நின்றார். காரியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று வழியெல்லாம் விடை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். பேரமைச்சர் கேட்டது வேறு.

“துறைத்தலைவியாரே, இந்தத் தேன் எதற்கு?”

எயினி சாடியைப் பார்த்தார். அப்போதுதான் அதை முதன்முதலாகக் காண்பவர் போல நின்றார் என்று மன்றத்தில் இருந்தோர் கூறுவர். முகம் கறுத்தது.

“பெரிய இடத்துக்கு வெறுங்கையோடு மனு அனுப்புவது வழக்கமில்லை, ஐயா” என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

“யாம் கேட்டோமா?”

“இல்லை.”

“திருப்பி அனுப்பியிருந்தால் என்ன நினைத்திருப்பீர்?”

எயினி உள்ளதை உள்ளபடி சொன்னார். “மனுவைத் தள்ளிவிட்டீர்கள் என்று நினைத்திருப்பேன். அடுத்த முறை நான்கு சாடி அனுப்பியிருப்பேன்” என்றார். பிறகு, அவையில் நிற்கிறோம் என்பதையும் மறந்து, “மூன்று வருடமாக அந்த அறுபத்துநான்கு பேரையும் நான் மூடர் என்று திட்டிக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

பேரமைச்சருக்கு அவரைப் பார்த்து நகைக்கத் தோன்றவில்லை. காரணம் உண்டு; அதை மறைக்காமல் இவ்வோலையில் எழுதவேண்டும் என்பது வேந்தரின் கட்டளை. தேன்சாடிகளுள் ஒன்று மனு படிக்கப்படுமுன்பே பேரமைச்சர் இல்லத்துக்குப் போய், திறக்கப்பட்டு, பாதி உண்ணப்பட்டுவிட்டது. அன்றைய நாளில் அவர் மேசையில் நாற்பது மனுக்கள் இருந்தன. நாற்பதிலும் கடைசியாக வந்த எயினியின் மனு முதலாவதாகப் படிக்கப்பட்டது. அது தேனின் பொருட்டா என்று பேரமைச்சர் தம்மையே கேட்டுக்கொண்டார். இல்லை என்று துணிந்து சொல்ல அவரால் இயலவில்லை.

ஆதலால் மற்ற முப்பத்தொன்பது மனுக்களும் வந்த முறைப்படி படித்து முடிக்கப்படும்வரை இம்மனுவின்மேல் ஆணை பிறப்பிக்கப்படவில்லை. இருபத்தாறு நாள் ஆயிற்று. இடையில் எயினி இருமுறை எழுதினார். முதல் ஓலையில் பணிவு இருந்தது. இரண்டாவதில், முப்பது நாள் கெடு நெருங்குவதை அரண்மனை அறியுமா, தேன் அனுப்பியது என் குற்றமென்றால் அதற்குக் காரியின் பிள்ளை ஏன் பசிக்கவேண்டும், ஆற்றில் அகப்பட்டவனுக்குக் கயிறு வீசுமுன் வரிசை பார்ப்பார் உண்டா என்று கேட்டிருந்தார். முறை தவறியதைத் திருத்தப் போய் வேறொருவனைக் காக்கவைத்தோம் என்பதைப் பேரமைச்சர் ஒப்புக்கொள்கிறார்.

கெடு முடியுமுன் நிலைமை அறிந்துவர அரண்மனை ஆள் துறைக்கு அனுப்பப்பட்டார். ஏட்டில் காரியின் பெயர் நாள் தவறாமல் துடுப்புப் பிடித்ததாகவே இருந்தது. விடியற்காலைத் தோணியில் காரியின் இடத்தில் அமர்ந்து துடுப்புப் போட்டவர் அறுபது வயதைக் கடந்த நக்கன் கோவன். மறுநாள் வேறொருவன், அதற்கு மறுநாள் இன்னொருவன். எவரும் எவரிடமும் இதைப் பேசியதாகத் தெரியவில்லை. தலைநகரிலிருந்து திரும்பிய எயினி தினமும் அத்தோணியைத் துறையில் நின்று பார்த்திருக்கிறார். ஆள் மாறியிருப்பது தெரியவில்லையா என்று அரண்மனை ஆள் கேட்டபோது, வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்லிவிட்டு அப்பால் போனாராம்.

இனி வேந்தரின் ஆணையாவது:

தண்கரை நாட்டில் எப்பணியிடத்திலும், எவ்விழாவிலும், பணியாளர் தம் தலைவர்க்குப் பொருளாக எதையும் கொடுக்கவேண்டா. கனியோ மலரோ மீனோ இதில் வேறுபாடில்லை. கொடுத்தவன்மேல் குற்றமில்லை. தலைவர் வாசலில் காணிக்கை வந்து நிற்குமாயின், அவர் கீழ் இருப்போர் அவரை அஞ்சுகின்றனர் என்பதற்கு அதுவே சான்றாகக் கொண்டு, அவர் அரண்மனைக்கு வந்து விடை சொல்வாராக.

வேண்டாம் என்று வாயால் சொல்வது போதாது என்பதை ஏழுதுறை காட்டியது. ஆகவே எவர் எத்துறையில் எத்தனை மாதம் பணிசெய்வது என்பதைத் தலைவரின் விருப்பத்துக்கு விடாமல், முறைவைத்து, ஆண்டின் தொடக்கத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி துறைக் கல்லில் எழுதிவைக்கவேண்டும். முள்ளித்துறை உட்பட எல்லாத் துறையும் எல்லார்க்கும் வரும். கொடுத்தாலும் மாறாது, கொடாவிட்டாலும் மாறாது என்று தெரிந்தபின் கொடுப்பவர் உளரா என்பதை வேந்தர் காண விரும்புகிறார்.

காரியின் பெயர் ஏட்டில் நிலைக்கும். கை முன்போல் நிமிராது என்று எலும்பு கட்டுபவர் சொல்கிறார்; எனவே ஆறியபின் அவன் சுக்கான் பிடிப்பானாக. அதைப் பயிற்றும் வேலை எயினியுடையது. இது அவருக்குத் தண்டனையா பரிசா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். உடைந்த தோணிக்கு மாற்றுத் தோணி அரண்மனை தரும். முப்பது நாள் விதி இன்றோடு நீங்கியது. கோவனும் பிறரும் ஏட்டில் பொய் எழுதியதை அரண்மனை ஆள் கண்டார், அரண்மனை காணவில்லை.

திறவாத தேன்சாடி இவ்வோலையோடு திரும்புகிறது. அது சிறிதென்றோ சுவையற்றதென்றோ எயினி எண்ணவேண்டா. மற்றச் சாடியின் பாதி மிக நன்றாக இருந்தது; இப்படிச் சொல்வதைக் கேட்டு எவரும் மலையேறற்க.

இவ்வோலை கொண்டுவரும் தூதர்க்கு வழிச்சோறும் குடிநீரும் அன்றி வேறொன்றும் கொடுத்தல் ஆகாது. இவ்வாணைக்கு நன்றி என்று எவரும் அரண்மனைக்கோ பேரமைச்சர் இல்லத்துக்கோ எதுவும் அனுப்பவேண்டா. வேண்டா என்ற சொல்லுக்கு இவ்வோலையில் வேண்டா என்பதே பொருள்.

பொழியாற்றுத் தோணி பொறித்த முத்திரை இட்டு, வேந்தர் திருமுன் படித்துக் காட்டி, ஆவணித் திங்கள் பதினேழாம் நாள் காலையில் விடுத்தது. எழுதியவன் அரண்மனை ஓலைநாயகம் மருதன் எழினி. இப்படிக்குக் குளவாய் அரையர் கைச்சாத்து. கேட்டோர் கேட்டபடி நடப்பாராக.